தாமிரபரணி முகத்துவாரக் கடலடியும் இழுவைமடியும்: ஒரு மேலாண்மை வரலாறு

இழுவைமடி என்பது விசைப்படகின் பின்னால் கட்டி, கடலின் அடித்தரையை ஒட்டி இழுத்துச் செல்லப்படும் பை வடிவ வலை ஆகும். தாமிரபரணி ஆறு கடலில் கலக்கும் புன்னைக்காயலை மையமாகக் கொண்ட மன்னார் வளைகுடாவின் தென்மேற்குக் கரையில், இவ்வலை 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவியது. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக இதே கடலடி முத்துக்காகவும் சங்குக்காகவும் பெயரிடப்பட்டும் பார்வையிடப்பட்டும் வந்தது. தேவைப்பட்ட ஆண்டுகளில் ஓய்வும் பெற்றது. இழுவைமடிக்குப் பின் வந்த சட்டங்கள் பெரும்பாலும் கரையிலிருந்து உள்ள தொலைவையும், நேரத்தையும், நாட்களையும் வரையறுத்தன. கடலடியின் தன்மையை அளவுகோலாகக் கொள்ளும் வழக்கம் அதனால் பின்னுக்குச் சென்று, அண்மைக் காலத்தில்தான் மெல்லத் திரும்பி வருகிறது. இம்மாற்றத்தின் வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆறும் கடலடியும்

பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் வழியே சுமார் 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஆறு கொண்டுவரும் வண்டல் இக்கரையின் அமைப்பையே மாற்றியிருக்கிறது. பாண்டியர் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கொற்கை தூர்ந்தபின் காயலும், அதன்பின் புன்னைக்காயலும், இறுதியில் தூத்துக்குடியும் துறைமுகங்களாயின. ஆற்றுமுகம் தள்ளிப்போகத் துறைமுகமும் தள்ளிப்போனது.

கரைக்கு வெளியே உள்ள கடலடி ஒரே சீரானது அன்று. மீனவர் வழக்கில் அதற்கு மூன்று பெரும் பிரிவுகள் உண்டு: சேறு, மணல், பார். ஆற்றுமுகங்களை அடுத்துப் படியும் சேற்றுத் தரையில் இறால் மிகுதி. மணற்படுகையில் புழுக்களை உண்டு வாழும் சங்கு கிடக்கும். பார் என்பது கடலுக்குள் மேடாக நிற்கும் பாறைத் தரை; பழைய பவளப் பாறையும் சுண்ணாம்பு கலந்து இறுகிய மணற்பாறையும் சேர்ந்து உருவானது. முத்துச்சிப்பி பற்றி வளர்வதற்கும், கலவா, விளமீன் போன்ற மீன்கள் தங்குவதற்கும் இப்பார்களே இடம்.

பாரின் இருப்பிடத்தைக் கண்டறிய மீனவர்கள் கரையடையாளங்களைப் பயன்படுத்தினர். கோயில் கோபுரம், தேவாலயக் கோபுரம், மணல்தேரி, மேற்குமலை முகடு ஆகியவற்றில் இரண்டிரண்டை நேர்கோட்டில் வைத்துப் பார்த்தால், அக்கோடுகள் வெட்டும் இடத்தில் பார் இருக்கும். கடலின் மேற்பரப்பில் எவ்வித அடையாளமும் இல்லாத ஓரிடம், இவ்வாறு தலைமுறை தலைமுறையாகப் பெயருடன் அறியப்பட்டிருந்தது.

முத்துப் பார்களின் காலம்

கொற்கை முத்து குறித்த வெளிநாட்டுக் குறிப்புகளுள் பழமையானது கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடற்செலவு நூல். பாண்டிய நாட்டுக் கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளிக்கப்பட்டதாக அது கூறுகிறது. பிற்காலத்தில் இத்தொழிலில் பரதவர் முதன்மை பெற்றனர். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரும், 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயரும் முத்துக்குளிப்பிலிருந்து வருவாய் பெற்றனர். மதுரை நாயக்கருக்கும் இராமநாதபுரம் சேதுபதிக்கும் அதில் உரிமைப் பங்கு இருந்தது.

முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்த தொழில் அன்று. முதலில் பார்கள் பார்வையிடப்படும். முத்துக்குளிப்போர் இறங்கிச் சிப்பிகளை எடுத்து வருவர். அவற்றின் வயது, அளவு, எண்ணிக்கை ஆகியவை கணக்கிடப்படும். மாதிரிச் சிப்பிகளில் கிடைத்த முத்து மதிப்பிடப்படும். சிப்பி இளசாக இருந்தால் அந்தப் பார் விடப்படும். முதிர்ந்து, எண்ணிக்கையும் போதுமானதாக இருந்தால் மட்டுமே குளிப்பு அறிவிக்கப்படும். சில வேளைகளில் பல ஆண்டுகள், சில வேளைகளில் பல பத்தாண்டுகள் குளிப்பே நடக்காமல் போனதுண்டு. தூத்துக்குடிக்கு அப்பால் உள்ள தொலயிரம் பார் இவ்வகையில் பதிவேடுகளில் அடிக்கடி இடம்பெறும் பெரிய பார்.

சிப்பி ஏன் சில ஆண்டுகளில் பெருகுகிறது, ஏன் திடீரென மறைகிறது என்ற கேள்வி ஆங்கிலேய ஆட்சியின்போது ஆய்வுக்கு வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் முத்து, சங்குத் தொழில்களைப் பற்றி எழுதினார். இலங்கைப் பார்களை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1905-இல் மன்னார் வளைகுடாவின் இந்தியப் பகுதிப் பார்களைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். பின்னர் சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராகவும் உயர்ந்தார். நீரோட்டம் கொண்டுவரும் மணல் பாரை மூடுவது, சூரன் எனப்படும் சிறு கிளிஞ்சல் பாய்போல் படர்ந்து சிப்பிக் குஞ்சுகளை அமுக்குவது, திருக்கை போன்ற மீன்கள் சிப்பியைத் தின்பது ஆகியவை சிப்பி அழிவுக்குக் காரணங்களாகக் குறிக்கப்பட்டன.

இந்த முறையை வெறும் இயற்கைப் பாதுகாப்பு என்று கருதுவது பொருந்தாது. அரசுக்கு வருவாய் வேண்டியிருந்தது. அதனால்தான் பார்கள் காக்கப்பட்டன. குளித்தெடுத்த சிப்பியில் பெரும்பங்கு அரசுக்கே சென்றது. ஆயினும் அந்த வருவாய் நோக்கம் ஒரு நல்ல விளைவைத் தந்தது. எந்த இடத்தில் எந்த உயிர் எந்த நிலையில் உள்ளது என்பதை அடித்தரையில் இறங்கிப் பார்த்த பிறகே முடிவெடுக்கும் வழக்கம் நிலைபெற்றது. தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்புகள் 1955 முதல் 1961 வரை நடந்தன. அதன்பின் குளிப்பு நடத்தும் அளவுக்குச் சிப்பி தேறவில்லை.

சங்குப் படுகைகள்

சங்கு எடுப்பதும் இக்கரையில் மிகப் பழமையானது. தமிழகத் தொல்லியல் துறை 1968–69-இல் கொற்கையில் நடத்திய அகழாய்வில் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்தன. பிற்காலத்தில் தூத்துக்குடிச் சங்கு வங்காளத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கு வளையல்களாக அறுக்கப்பட்டது. ஹார்னெல் 1914-இல் வெளியிட்ட நூல் இத்தொழிலைப் பற்றிய விரிவான ஆவணமாகும்.

சங்குக் குளிப்பு அரசின் தனியுரிமையாக இருந்தது. உரிமம் பெற்றோரே குளிக்கலாம். எடுத்து வந்த சங்கு, துளையிட்ட அளவுப் பலகையில் நுழைத்துப் பார்க்கப்படும். துளை வழியே எளிதில் நுழையும் சிறிய சங்கை மீண்டும் கடலிலேயே விட வேண்டும். கையால் ஒவ்வொன்றாக எடுக்கும் தொழிலாதலால், சிறியதை விட்டுவிடுவது இயன்றது, படுகையும் கலையவில்லை. பிற்கால இழுவைமடியோடு ஒப்பிடும்போது இந்த வேறுபாடு முக்கியமானது.

இழுவைமடியின் வரவு

சென்னை மாகாண அரசு கடலடி மீன்வளத்தை அறிய 1927 முதல் 1930 வரை 'லேடி கோஷன்' என்ற இழுவைக் கப்பலைக் கொண்டு ஆய்வு நடத்தியது. ஆனால் இழுவைமடி பொதுத்தொழிலாக மாறியது விடுதலைக்குப் பிறகுதான். 1952-இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகியவை செய்த உடன்பாட்டின்படி கொல்லம் அருகே நீண்டகரையை மையமாகக் கொண்டு இந்தோ–நார்வேத் திட்டம் தொடங்கியது. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் மாற்றாக இயந்திரப் படகுகளை அறிமுகப்படுத்துவது அதன் நோக்கங்களுள் ஒன்று. சில ஆண்டுகளில் இறாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நல்ல விலை கிடைத்தது. இறால் சேற்றுத் தரையில் வாழ்வதால், அதைப் பிடிக்க இழுவைமடியே ஏற்ற கருவியாயிற்று.

தமிழ்நாட்டிலும் அரசின் மானியத்தோடும் கடனோடும் விசைப்படகுகள் பெருகின. தூத்துக்குடி இக்கரையின் முதன்மை விசைப்படகுத் துறைமுகமாயிற்று. பஞ்சத்தாலும் கடனாலும் நொந்திருந்த கரையில் இது வேலையையும் வருவாயையும் கொண்டுவந்தது என்பதை மறுக்க முடியாது. ஐஸ் ஆலைகள், இறால் தொழிற்சாலைகள், வலை பின்னும் கூடங்கள், ஏலக் களங்கள் என ஒரு நகரத் தொழிலே அதைச் சார்ந்து வளர்ந்தது. விசைப்படகில் வேலை செய்தவர்களும் இதே கரையூர்களைச் சேர்ந்தவர்களே.

புன்னைக்காயல் முதல் உவரி, இடிந்தகரை வரையான ஊர்களில் பெரும்பாலோர் வள்ளம், கட்டுமரம், பின்னாளில் வெளிப்பொறி பொருத்திய பைபர் படகு ஆகியவற்றிலேயே தங்கினர். 1986 அக்டோபர் 20-இல் திருநெல்வேலி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, துறைமுகமும் முத்துப் பார்களை அடுத்த கரையும் புதிய மாவட்டத்துக்குச் சென்றன. இன்றைய திருநெல்வேலி மாவட்டத்துக்கு எஞ்சியது சுமார் 49 கிலோமீட்டர் நீளக் கரை. இதனால் விசைப்படகுத் துறைமுகம் ஒரு மாவட்டத்திலும், நாட்டுப்படகு ஊர்கள் பல மற்றொரு மாவட்டத்திலும் அமைந்தன. கடலடிக்கோ இந்த எல்லை தெரியாது.

கடலடியில் நிகழ்வது

இழுவைமடியின் வாய் விரிந்திருக்க இருபுறமும் கனமான பலகைகள் கட்டப்படும். படகு இழுக்கும்போது இப்பலகைகள் தரையை உழுதுகொண்டே செல்லும். வலையின் கீழ்விளிம்பில் உள்ள சங்கிலியும் ஈயக் குண்டுகளும் தரையில் உள்ள உயிர்களைக் கிளப்பி மடிக்குள் தள்ளும். பாறைத் தரையில் சாதாரண மடி சிக்கிக் கிழியும். அதனால் பார்களுக்குத் தொடக்கத்தில் ஓர் இயற்கைக் காப்பு இருந்தது. கீழ்விளிம்பில் உருளைகள் பொருத்தப்பட்ட ரோலர் மடி வந்தபின், கரடுமுரடான தரையின் மீதும் இழுக்க முடிந்தது.

இதனால் ஏற்படும் பாதிப்புகளை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது, தரையில் ஊன்றி வாழும் கடற்பஞ்சு, கடல்விசிறி, பவளம், கடற்புல் ஆகியவை பெயர்க்கப்படுகின்றன. இரண்டாவது, கிளம்பும் சேறு அண்மையிலுள்ள பார்களின் மீது படிகிறது. சிப்பிக் குஞ்சு பற்றுவதற்குச் சுத்தமான கெட்டித் தரை வேண்டும் என்பதால் இது முத்துப் பார்களுக்குத் தனிக் கேடு. மூன்றாவது, இறாலோடு குஞ்சு மீன்களும் நண்டுகளும் கடற்குதிரைகளும் சேர்ந்து வருகின்றன. விற்பனைக்கு ஆகாத இந்தக் கலவை சங்காயம் எனப்படுகிறது. முன்பு கடலில் கொட்டப்பட்ட சங்காயம், கோழித்தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் விலைபோகத் தொடங்கியபின், அதைத் தவிர்க்கும் ஊக்கமும் குறைந்தது. நான்காவது, சங்கும் மடியில் ஏறி வந்தது. கையால் எடுத்து அளவுப் பலகையில் பார்த்துச் சிறியதை அதன் படுகையிலேயே விடும் முறை, சேற்றோடு வாரி வரும் மடிக்குப் பொருந்தவில்லை.

முத்துச்சிப்பியின் மறைவுக்கு இழுவைமடி ஒன்றையே காரணமாகச் சொல்ல இயலாது. விசைப்படகுகள் வருவதற்கு முன்பும் பார்கள் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்துள்ளன. துறைமுக நகரத்தின் கழிவு, ஆற்றில் அணைகள் கட்டப்பட்டபின் கடலுக்குச் செல்லும் நீரும் வண்டலும் குறைந்தது ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பாபநாசம் அணை 1940-களிலும் மணிமுத்தாறு அணை 1950-களிலும் கட்டப்பட்டன. கடைசித் தடுப்பணை திருவைகுண்டத்தில் உள்ளது. எனினும் பழைய காலத்தில் வெறுமையான பார் மீண்டும் சிப்பி பிடிக்கும் வரை கலையாமல் கிடந்தது. இழுவைமடிக் காலத்தில் அந்த ஓய்வு உறுதியற்றதாயிற்று.

1983-ஆம் ஆண்டுச் சட்டம்

1970-களில் தமிழகக் கடலோரமெங்கும் விசைப்படகினருக்கும் நாட்டுப்படகினருக்கும் மோதல்கள் ஏற்பட்டன. நாட்டுப்படகினர் விரித்து வைத்த வலைகளை விசைப்படகுகள் அறுத்துச் சென்றன, படகுகள் எரிக்கப்பட்டன, உயிர்களும் போயின. மைய அரசு அமைத்த மஜும்தார் குழுவின் பரிந்துரையை ஒட்டி மாநிலங்களுக்கான மாதிரிச் சட்டம் உருவாக்கப்பட்டது. அதன்வழி தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் இயற்றப்பட்டது.

அதன் விதிகளுள் இரண்டு முக்கியமானவை. கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது சுமார் 5.5 கிலோமீட்டர் வரையான கடல் நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கப்பட்டது. விசைப்படகுகள் காலை 5 மணிக்கு முன் புறப்படக்கூடாது, இரவு 9 மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இராமேசுவரம் பகுதியில் வாரத்தில் மூன்று நாட்கள் விசைப்படகுகளுக்கும், எஞ்சிய நான்கு நாட்கள் நாட்டுப்படகுகளுக்கும் என்ற முறையும் நடைமுறைக்கு வந்தது.

இவ்விதிகள் மோதலைத் தணிக்க உருவானவை என்பதை அவற்றின் அமைப்பே காட்டுகிறது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இரு தரப்பினரும் சந்திக்காமல் இருப்பதே நோக்கம். இரவில் வலை விரித்துவைக்கும் சிறுமீனவருக்கு நேரக் கட்டுப்பாடு உண்மையான காப்பாக அமைந்தது. கரையோரச் சேற்றிலும் மணலிலும் வளரும் குஞ்சுகளுக்கும் 3 கடல் மைல் எல்லை பயன் தந்தது, அது கடைப்பிடிக்கப்பட்ட அளவுக்கு.

ஆனால் கடலடியின் பார்வையில் இரண்டு குறைகள் இருந்தன. தூத்துக்குடியின் முத்துப் பார்களில் பல கரையிலிருந்து 10 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளன. எனவே முன்பு அரசே ஆளனுப்பிப் பார்வையிட்டுக் காத்த பார்கள், புதிய சட்டத்தில் விசைப்படகுக்குத் திறந்த கடலில் விழுந்தன. அடுத்து, ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டிய படகு, எட்டக்கூடிய அதே பரப்பிலேயே திரும்பத் திரும்ப இழுக்க நேர்ந்தது. தங்கி மீன்பிடிக்க அனுமதி வேண்டும் என்று விசைப்படகினர் கேட்பதற்கும், கூடாது என்று நாட்டுப்படகினர் எதிர்ப்பதற்கும் இந்த விதியே களமாக இருந்து வருகிறது.

2020-இல் விதிகள் திருத்தப்பட்டு, ஒதுக்கப்பட்ட எல்லை 5 கடல் மைலாக, அதாவது சுமார் 9.3 கிலோமீட்டராக உயர்த்தப்பட்டது. இது கரையோரத்துக்குக் கூடுதல் காப்பு. அப்போதும் தொலைவிலுள்ள பார்கள் கோட்டுக்கு வெளியே நின்றன.

தடைக்காலம்

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் 2001 முதல் ஏப்ரல் 15 தொடங்கி 45 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை விதிக்கப்பட்டது. 2017 முதல் இது ஜூன் 14 வரை 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத்தொகை வழங்குகிறது.

மீன்கள் முட்டையிடும் பருவத்தைக் காப்பதே இத்தடையின் நோக்கம். கடலடி மீள்வதற்கு இந்தக் காலம் போதுமா என்பது வேறு கேள்வி. உலகின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, கருவியின் வகையைப் பொறுத்து ஒருமுறை இழுப்பதால் தரைவாழ் உயிர்த்தொகையில் 6 முதல் 41 விழுக்காடு வரை நீங்குகிறது என்று கணக்கிட்டது. பலகை கட்டிய இழுவைமடி இதில் குறைந்த பாதிப்புடையது. தரையைத் தோண்டிச் சிப்பி வாரும் கருவி மிகுந்த பாதிப்புடையது. பாதியாகக் குறைந்துபோன உயிர்த்தொகை, முந்தைய அளவின் 95 விழுக்காட்டை எட்ட 1.9 முதல் 6.4 ஆண்டுகள் ஆகும் என்றும் அது கூறியது.

இந்த அளவோடு ஒப்பிட்டால் 61 நாள் ஓய்வு மீனுக்கு ஓரளவு போதலாம்; தரைக்குப் போதாது. புழுவும் சிறு நண்டும் வாழும் மணற்படுகை விரைவில் தேறும். கடற்பஞ்சும் பவளமும் வளர்ந்த பார் தேறுவதற்கு அதைவிட நீண்ட காலம் வேண்டும். ஒரே தடை, தரையின் வகை எதுவாயினும் ஒரே அளவில் விதிக்கப்படுகிறது.

இடம் சார்ந்த பாதுகாப்பு

தொலைவையும் நாளையும் விட்டு, இடத்தை அடிப்படையாகக் கொண்ட பாதுகாப்பு மற்றொரு வழியில் வந்தது. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய கடலையும் கொண்டு 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. அதன் பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989-இல் கன்னியாகுமரி வரை நீளும் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. திருநெல்வேலிக் கரையும் இதனுள் அடங்கும். ஆனால் கடுமையான காப்பு தீவுகளை ஒட்டிய பவளத் திட்டுகளுக்கே. அதற்கு வெளியே உள்ள காப்பகக் கடலில் மீன்பிடி தொடர்கிறது.

2001-இல் பவளம், கடற்குதிரை, கடலட்டை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இதனால் இவற்றைப் பிடிப்பது குற்றமாயிற்று. தேர்ந்தெடுத்துப் பிடிக்கும் முத்துக்குளிப்போருக்கு இத்தடையைக் கடைப்பிடிப்பது இயலும். தரையில் உள்ள அனைத்தையும் வாரும் மடிக்கு, எது ஏறுகிறது என்பது மடியை மேலே தூக்கிய பிறகே தெரியும். சட்டம் உயிரினத்தைப் பெயர் சொல்லிக் காத்தது. அதைப் பிடிக்கும் கருவியைத் தொடவில்லை.

கடலடியைச் சீர்செய்யும் முயற்சிகளும் நடந்தன. பவளப் பாறைகள் சுண்ணாம்புக்காக வெட்டி எடுக்கப்பட்டதால் தூத்துக்குடி, கீழக்கரைத் தீவுக் கூட்டங்களில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் கடலில் மூழ்கின. அரிப்பால் சுருங்கிய வான் தீவைக் காக்க 2015 தொடங்கிச் செயற்கைப் பவளத்திட்டுகள் இறக்கப்பட்டன. தமிழ்நாட்டுக் கடலோரத்தின் பல ஊர்களுக்கு எதிரே, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு கான்கிரீட் மீன் உறைவிடங்கள் அமைக்கப்பட்டுள்ளன. இவை இரு வேலைகளைச் செய்கின்றன: மீன் கூடுவதற்குப் பார் போன்ற இடம் தருகின்றன, அவ்விடத்தில் இழுவைமடி இழுக்க முடியாதபடி தடையாகவும் நிற்கின்றன. தூண்டிலும் செவுள்வலையும் பயன்படுத்தும் சிறுமீனவர்கள் இவற்றை விரும்பிக் கேட்பதற்கு இரண்டாவது காரணமும் உண்டு.

பாக் நீரிணையில் 2022-இல் அறிவிக்கப்பட்ட 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகமும் இவ்வரிசையில் குறிப்பிடத்தக்கது. கடற்பசு மேயும் கடற்புல் படுகை எங்கு உள்ளதோ அதை வைத்தே அதன் எல்லை அமைந்தது.

பிற நாடுகளின் அனுபவம்

இழுவைமடி பற்றிய முறையீடு மிகப் பழமையானது. 1376-இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டுக்கு மீனவர்கள் அளித்த மனு, தரையை ஒட்டி இழுக்கப்படும் சிறுகண்ணி வலையொன்று கடலடிச் செடிகளையும் சிப்பிக் குஞ்சுகளையும் அழிப்பதாகக் கூறியது. சிப்பியைக் குறித்தே முதல் முறையீடு எழுந்தது என்பது முத்துக் கரைக்கு நெருக்கமான செய்தி.

20-ஆம் நூற்றாண்டில் நாடுகள் வெவ்வேறு வழிகளைத் தேர்ந்தன. இந்தோனேசியா 1980-இல் இழுவைமடியைத் தடை செய்தது. கேரளம் 1988 முதல் மழைக்காலத் தடையை நடைமுறைப்படுத்தி வருகிறது. ஹாங்காங் 2012 இறுதியில் தன் கடலில் இழுவைமடியை முற்றிலும் நிறுத்தி, படகுகளை விலைக்கு வாங்கிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் 800 மீட்டருக்குக் கீழான ஆழத்தில் இழுவைமடியைத் தடுத்தது. மன்னார் வளைகுடாவின் மறுகரையில் உள்ள இலங்கை 2017-இல் சட்டத் திருத்தத்தின் வழி தன் கடலில் கடலடி இழுவைமடியைத் தடை செய்தது. ஒரே வளைகுடாவின் ஒரு பக்கத்தில் முழுத்தடையும், மறுபக்கத்தில் தொலைவு–நேரக் கட்டுப்பாடும் நிலவுகின்றன.

தடையால் வேலை இழப்போருக்கு மாற்றுவழி இல்லாவிட்டால் தடை காகிதத்தில் நின்றுவிடும் என்பதையும் இந்த அனுபவங்கள் காட்டுகின்றன. பாக் நீரிணையின் இழுவைப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடல் சூரை மீன் பிடிக்கும் தூண்டில், செவுள்வலைப் படகுகளை மானியத்தில் வழங்கும் திட்டம் 2017-இல் தொடங்கப்பட்டது. கரைக்கு அண்மையில் ஒருநாள் தொழில் செய்து பழகியவர், பல நாள் கடலில் தங்கும் பெரும் படகுக்கும் பெரும் கடனுக்கும் மாறுவது எளிதாக அமையவில்லை.

கருவியைத் திருத்தும் வழியும் உண்டு. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், குஞ்சு மீன் தப்பிச் செல்லும் சதுரக்கண்ணி மடியையும், ஆமை வெளியேறும் அமைப்பையும் உருவாக்கியுள்ளது. ஆமை வெளியேறும் அமைப்பு இல்லாத காரணத்தால் இந்தியக் கடல் இறாலின் இறக்குமதியை அமெரிக்கா நிறுத்தியது, இழுவைமடிச் சீர்திருத்தத்துக்குச் சந்தையும் ஒரு காரணமாகலாம் என்பதைக் காட்டுகிறது. ஆயினும் இவை மடிக்குள் ஏறுவதைக் குறைக்கும் வழிகள். மடியின் கீழே உழப்படும் தரையைக் காப்பவை அல்ல.

மதிப்பீடு

தாமிரபரணி முகத்துவாரக் கடலில் இரண்டு வகை ஒழுங்குமுறைகள் அடுத்தடுத்து நிலவின. முத்து, சங்குக் கால ஒழுங்குமுறை கடலடியை அறிந்திருந்தது. ஆனால் அது அரசின் வருவாய்க்காக இயங்கியது, முத்துக்குளித்தவருக்கு முடிவெடுக்கும் உரிமை இல்லை. 1983-க்குப் பிந்திய ஒழுங்குமுறை சிறுமீனவரின் உரிமையை ஏற்றது. ஆனால் கடலடியை அறியாத ஒரு நேர்கோட்டை வரைந்தது. முன்னதில் இடம் இருந்தது, மக்கள் இல்லை. பின்னதில் மக்கள் இருந்தனர், இடம் இல்லை.

இரண்டையும் சேர்ப்பதற்கு வேண்டியவை பெரும்பாலும் கைவசம் உள்ளன. பார்களின் இருப்பிடங்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பதிவேடுகளிலும் வரைபடங்களிலும் உள்ளன. இன்றைய மீனவரின் கரையடையாள அறிவும் செயற்கைக்கோள் இடங்காட்டிக் கருவிகளில் சேமித்த புள்ளிகளும் அவற்றோடு ஒத்துப்பார்க்கத் தக்கவை. விசைப்படகுகளில் பொருத்தப்படும் கண்காணிப்புக் கருவிகள், ஒரு படகு எந்தத் தரையின் மீது இழுக்கிறது என்பதைக் காட்டக்கூடும். இவற்றைக் கொண்டு சேற்றுத் தரையில் இழுவையை அனுமதித்து, பார்களையும் கடற்புல் படுகைகளையும் ஆண்டு முழுதும் மூடிவைப்பது, கரையிலிருந்து ஒரே தொலைவில் கோடு போடுவதைவிட விசைப்படகினருக்கு இழப்புக் குறைந்ததாகவும் அமையலாம். இறால் சேற்றில் கிடைக்கிறது. பாரின் மீது இழுப்பவர் மடியைக் கிழித்துக்கொள்ளும் ஆபத்தையும் ஏற்கிறார்.

அவ்வாறு மூடப்பட்ட பார் எப்போது திறக்கத் தக்கது என்பதற்கு இக்கரையின் பழைய முறையே முன்மாதிரி: முதலில் இறங்கிப் பார்ப்பது, எண்ணுவது, வயது காண்பது, தேறவில்லையென்றால் இன்னும் ஓராண்டு விட்டுவைப்பது. 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நின்றபோது, அந்தப் பார்வையிடலின் தேவையும் முடிந்துவிட்டதாகக் கருதப்பட்டது. ஆனால் அப்பார்களில் கலவாவும் விளமீனும் பிடித்து வாழும் ஊர்கள் இக்கரையில் இன்னும் இருக்கின்றன.